பயிற்சி முடிந்த மறுநாள்: விளிம்புநிலைப் பெண்களுக்குத் திறனோடு சேர்ந்து வேண்டியவை

பெண்களுக்கான திறன்பயிற்சித் திட்டங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது எண்ணிக்கைதான்: இத்தனை பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது, இத்தனை பேருக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. சான்றிதழ் வாங்கியவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள், அதில் வரும் பணம் யார் கையில் சேர்கிறது, பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்ற கேள்விகளுக்கு அதே அறிக்கைகளில் விடை கிடைப்பது அரிது. இந்த விடுபடல் தற்செயலானதன்று. வறுமையில் இருக்கும் பெண்ணிடம் இல்லாதது திறன் ஒன்றுதான், அதைக் கற்றுக்கொடுத்துவிட்டால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையின் மேல்தான் பல திட்டங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. கடந்த ஐம்பது ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த முயற்சிகளும், அவற்றை அளந்து பார்த்த ஆய்வுகளும் அந்த நம்பிக்கைக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் துணைதான் பயிற்சியின் பலனைத் தீர்மானிக்கிறது. அந்தத் துணையைக் கூடுதல் சலுகையாகக் கருதுகிற வரை, பயிற்சிக்கென்று செலவிடும் பணமும் உரிய பலனைத் தராது.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். சாதி, இனம், பழங்குடி அடையாளம், மதச் சிறுபான்மை, அகதிநிலை எனப் பல காரணங்களால் பொதுவாழ்வின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்களை விளிம்புநிலைச் சமூகங்கள் என்கிறோம். அச்சமூகத்துப் பெண்ணுக்கு, சமூகத்தின் பேரால் வரும் ஒதுக்கலும் பெண் என்பதால் வரும் ஒதுக்கலும் தனித்தனியாக வந்து சேர்வதில்லை. இதை விளக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா. 1989-இல் எழுதிய கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டிய வழக்கு ஒன்று, திட்டம் வகுப்பவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு மோட்டார் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தபோது, கடைசியில் சேர்ந்தவரை முதலில் நீக்கும் விதி பின்பற்றப்பட்டது. 1964-க்கு முன்பு அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை என்பதால், விதி பொதுவானதாக இருந்தும் பறிபோனது அவர்களுடைய வேலைதான். ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் பெண்களை எடுத்துத்தான் இருக்கிறது என்றது நீதிமன்றம். அப்படி எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர்கள். இனப் பாகுபாடு என்றோ பாலினப் பாகுபாடு என்றோ வழக்காடலாம், இரண்டையும் சேர்த்து வழக்காட முடியாது என்று 1976-இல் தீர்ப்பு வந்தது. இதே ஓட்டை நலத்திட்டங்களிலும் இருக்கிறது. பெண்களுக்கென்று ஒதுக்கும் நிதி, பெண்களுக்குள் ஓரளவு வசதியும் படிப்பும் உள்ளவர்களை எளிதில் சென்றடைகிறது. ஒடுக்கப்பட்ட சமூகத்துக்கென்று ஒதுக்கும் நிதி அச்சமூகத்து ஆண்களை எளிதில் சென்றடைகிறது. இரண்டு பட்டியலிலும் தகுதியுள்ள பெண், இரண்டு வரிசையிலும் கடைசியில் நிற்கிறார்.

அடுத்து, திறன் இல்லாதவர்கள் என்ற முத்திரை. இது உண்மைக்கு நெடுந்தொலைவில் உள்ளது. கழிவு பொறுக்கும் ஒரு பெண் ஒரு நெகிழித் துண்டைத் தொட்டும் கசக்கியும் பார்த்து அது எந்த வகை, எந்தக் குவியலில் சேர வேண்டும், எந்த வியாபாரி அதை எடுப்பார் என்று நொடியில் சொல்லிவிடுவார். அவரிடம் இல்லாதது அந்த அறிவுக்கான அங்கீகாரமும் விலையும். புனே நகரில் 1993-இல் கழிவு சேகரிப்போர், காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் என்ற பெயரில் தொழிற்சங்கமாகத் திரண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது, தாங்களும் தொழிலாளர்கள்தான் என்று காட்டும் அடையாள அட்டை. தெருவில் திருடியாகப் பார்க்கப்பட்ட பெண், மாநகராட்சியின் ஒப்புதல் பெற்ற அட்டையை எடுத்துக்காட்டும் நிலைக்கு வந்தார். 2008-இல் அதே பெண்கள் ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைப்பாகி, வீடுவீடாகக் கழிவு சேகரிக்கும் பணிக்கு மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் கழிவு சேகரிப்போர் அரசமைப்பு நீதிமன்றம் வரை சென்று போராடினார்கள்; தாங்கள் நகரத்துக்குச் செய்யும் சேவைக்கு 2013 முதல் நகர நிர்வாகத்திடமிருந்தே ஊதியம் பெறத் தொடங்கினார்கள். இந்த இரண்டு இடங்களிலும் புதிய தொழில் எதுவும் கற்றுத்தரப்படவில்லை. செய்துகொண்டிருந்த வேலைக்கு உரிமையும் கூலியும் பெற்றுத் தந்ததுதான் அங்கே நடந்த மாற்றம். ஒரு சமூகத்துக்குத் திறன்பயிற்சித் திட்டம் வகுக்கும் முன், அச்சமூகத்துப் பெண்கள் ஏற்கெனவே என்ன செய்கிறார்கள், அதில் அவர்களுக்குச் சேர வேண்டியது எங்கே கசிகிறது என்று பார்ப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

புதிய தொழில் கற்பது தேவை என்றே வைத்துக்கொள்வோம். வகுப்புக்கு வர நேரம் வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, கூலியில்லாத வீட்டுவேலையிலும் பராமரிப்பிலும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள்; ஆண்கள் செலவிடுவது 1 மணி 23 நிமிடம். அதே அமைப்பு 2024-இல் தந்த மதிப்பீட்டில், பராமரிப்புப் பொறுப்பு காரணமாக உழைப்புச் சந்தைக்கு வெளியே நிற்கும் பெண்கள் உலகெங்கும் 70.8 கோடி, ஆண்கள் 4 கோடி. இவை எல்லா வருமான நிலையினரையும் சேர்த்த சராசரிகள். தண்ணீருக்கும் விறகுக்கும் நடக்க வேண்டியவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்த முடியாதவர், அன்றைய கூலி இல்லாவிட்டால் அன்றைய அடுப்பு எரியாதவர் என்ற நிலையில் இருக்கும் பெண்ணுக்கு, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை நடக்கும் இலவசப் பயிற்சி இலவசமானதன்று. அவர் இழக்கும் கூலியே அதன் கட்டணம்.

தில்லியின் குடிசைப் பகுதிகளில் ஆறு மாதத் தையல் பயிற்சி ஒன்றை ஆராய்ந்தவர்கள் இதைத் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பயிற்சி முடித்த பெண்கள் வேலையில் சேர்வதும் வருமானம் ஈட்டுவதும் கூடியது. அந்தப் பலன் ஒன்றரை ஆண்டு கழித்தும் தொடர்ந்தது. ஆனால் சேராதவர்களையும் பாதியில் நின்றவர்களையும் தடுத்தவை பணமுடை, மையம் இருந்த தூரம், குழந்தையை விட்டுவர இடமில்லாமை ஆகியவை. நைரோபியின் கொரோகோச்சோ குடிசைப் பகுதியில் தாய்மார்களுக்குக் குழந்தைகள் காப்பகக் கட்டணத்தை மட்டும் ஏற்றுக்கொண்ட திட்டம் ஒன்றில், வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் பங்கு ஏறத்தாழ 8.5 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. எந்தத் தொழிலும் கற்றுத்தராமலேயே கிடைத்த பலன் இது.

தூரம் என்பதைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்கக் கூடாது என்பதைப் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. கிராமப்புறப் பெண்களுக்கான தையல் பயிற்சிக்கு விருப்பம் தெரிவித்தவர்கள் பலர். சேர்ந்தவர்கள் மிகச் சிலர். பயிற்சி மையத்தை ஊருக்குள்ளேயே வைத்த இடங்களில், பக்கத்து ஊருக்குச் செல்ல வேண்டியிருந்த இடங்களைப் போல நான்கு மடங்குப் பெண்கள் சேர்ந்து முடித்தார்கள். இந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல் நடை தூரத்தால் வந்ததன்று. ஊர் எல்லையைத் தாண்டுவதால் வந்தது. எல்லைக்கு அப்பால் தனியாகப் போகும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும், வழியில் யார் இடைமறிப்பார்கள், வீட்டில் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விகளின் எடை அது. அந்த எடையைப் பணம் கொடுத்து ஈடுகட்ட வேண்டுமானால் குடும்பச் செலவில் பாதியளவு உதவித்தொகை தர வேண்டியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம்பகமான ஒரு வண்டியில் பெண்கள் கூட்டாகப் போய்வர ஏற்பாடு செய்தபோது தடை கணிசமாகக் குறைந்தது. ஒரு வண்டி செய்ததைப் பணம் செய்வதென்றால் எவ்வளவு செலவாகும் என்பதை நிதி ஒதுக்குபவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டம் இதை ஆய்வுக்குக் காத்திராமலே உணர்ந்திருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு உறுதியாகத் துணைநின்றார். விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் அங்கன்வாடிப் பணியாளர்களுமாகப் பல்லாயிரம் பெண்கள், கேலியையும் தூற்றலையும் பொருட்படுத்தாமல் சைக்கிள் பழகினார்கள். பேருந்துக்கோ வீட்டு ஆண்களுக்கோ காத்திருக்காமல் சந்தைக்குப் போகவும், தண்ணீர் கொண்டுவரவும், வகுப்புக்கு வரவும் அவர்களால் முடிந்தது. அதே காலத்தில் குவாரிகளில் கொத்தடிமைகள் போல உழைத்துவந்த பெண்களின் குழுக்களுக்குக் குவாரிகளையே குத்தகைக்குக் கொடுத்ததும் அங்கே நடந்தது. எழுத்து, சைக்கிள், குத்தகை மூன்றையும் மூன்று துறைகளின் மூன்று திட்டங்களாகப் பிரித்திருந்தால், ஒன்று மற்றொன்றுக்குத் தந்த வலு கிடைத்திருக்காது. பின்னாளில் பீகார் அரசு 2006-இல் உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் வழங்கியபோது, உரிய வயதில் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் 32 விழுக்காடு உயர்ந்ததாக ஆய்வு சொன்னது.

எந்தத் திறனைக் கற்றுக்கொடுப்பது என்பதில் நம் திட்டங்கள் காட்டும் கற்பனை வறட்சி எனக்கு நெடுநாளாகவே வருத்தம் தருவது. தையல், அழகுக்கலை, கைவினை என்ற வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலானவை சுற்றிவருகின்றன. ஒரே ஊரில் நாற்பது பேருக்குத் தையல் கற்றுக்கொடுத்தால் அந்த நாற்பது பேரும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள் ஆகிறார்கள், கூலி சரிகிறது. பெண்களுக்கு ஏற்றவை என்று ஒதுக்கப்பட்ட தொழில்கள் பெரும்பாலும் குறைந்த வருமானம் தருபவை, வீட்டுக்குள்ளேயே முடங்குபவை, பேரம் பேச இடந்தராதவை.

இதிலிருந்து விலகிய ஒரு முயற்சியைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது. உத்தரப் பிரதேசத்தின் பாந்தா வட்டாரம் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் சாதிக் கொடுமைக்கும் பேர்போனது. கைப்பம்பு பழுதானால் பழுதுபார்ப்பவர் வர வாரக்கணக்கில் ஆகும். தலித் குடியிருப்பு என்றால் இன்னும் தாமதம். 1980-களின் இறுதியில் தொடங்கிய மகிளா சமாக்யா என்ற பெண்கல்வித் திட்டத்தின் வழியாக அங்கே தலித், பழங்குடிப் பெண்கள் கைப்பம்பு பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளாகப் பயிற்சி பெற்றார்கள். கனமான குழாய்களை மேலே இழுத்து, வாஷர் மாற்றி, சங்கிலியைச் சரிசெய்து மீண்டும் பூட்டும் வேலை அது. ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்டது. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தப் பம்பில் என்ன உதிரிப் பாகம் மாற்றினோம் என்று குறித்துவைக்கவும், அலுவலகத்தில் கையெழுத்திட்டுச் சாமான் வாங்கவும் எழுத்து வேண்டியிருந்தபோது, அவர்களே எழுதப் படிக்கக் கற்றுத்தரும்படி கேட்டார்கள். கற்றதை மறக்காமலிருக்கப் படிக்க ஏதாவது வேண்டுமென்ற தேவையிலிருந்து, வட்டார மொழியான புந்தேலியில் பெண்களே ஆக்கிய ‘மகிளா டாகியா’ என்ற செய்தித்தாள் பிறந்தது. 2002-இல் அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகச் சித்ரகூடத்தில் ‘கபர் லஹரியா’ தொடங்கப்பட்டது. தலித் பெண்களை முதன்மையாகக் கொண்ட கிராமப்புறச் செய்தியாளர்கள் அதை நடத்தினார்கள். வராத ரேஷன், போடாத சாலை, பதிவு செய்யாத புகார் பற்றி அவர்கள் எழுதினார்கள். குழாய்ச் சாவியிலிருந்து பேனாவுக்கு வந்த இந்த வழியை எந்தத் திட்ட ஆவணமும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. பெண்கள் அடுத்து என்ன கேட்கிறார்கள் என்று காத்திருந்து, கேட்டதைக் கொடுக்கும் பொறுமை அங்கிருந்த களப்பணியாளர்களிடம் இருந்தது.

எழுத்தறிவு இல்லாமை தொழில்நுட்பம் கற்கத் தடையாகாது என்பதற்கு ராஜஸ்தானின் திலோனியாவில் 1972-இல் உருவான வெறுங்கால் கல்லூரியும் சான்று. பல நாடுகளின் கிராமங்களிலிருந்து வந்த, பெரும்பாலும் பாட்டி வயதுப் பெண்கள், பொதுமொழி இல்லாமலேயே வண்ணக் குறியீடுகளையும் சைகைகளையும் கொண்டு ஏறத்தாழ ஆறு மாதத்தில் சூரிய விளக்குகளைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் கற்றார்கள்.

கற்று முடித்ததும் சந்தை வரவேற்கும் என்பது அடுத்த நம்பிக்கை. இந்தியாவில் 2007-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஒரே தகுதிகள் கொண்ட வேலை விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் நடந்து 2004-இல் வெளியான இதேபோன்ற சோதனையில், வெள்ளையர் பெயர்களுக்குக் கறுப்பினத்தவர் பெயர்களை விட 50 விழுக்காடு அதிகமாக அழைப்பு வந்தது. இரண்டிலும் தகுதியில் குறை இல்லை. எனவே வேலைவாய்ப்புக்கான துணை என்பது சுயவிவரக் குறிப்பு எழுதக் கற்றுத்தருவதோடு நின்றுவிட முடியாது. வேலை தருபவர்களிடம் பேசுவதும், முதல் சில மாதங்கள் பணியிடத்தில் நடப்பதைக் கண்காணிப்பதும், அவமதிப்பு நேர்ந்தால் கேட்க ஆளிருப்பதும் அதில் அடங்கும்.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் துணை வேண்டும். அங்கே அது கூட்டுப் பலமாக வருகிறது. அகமதாபாத்தில் துணிச் சந்தையில் தலைச்சுமை தூக்கிய பெண்கள் 1970-களின் தொடக்கத்தில், நெசவாலைத் தொழிற்சங்கத்தின் மகளிர் பிரிவில் இருந்த வழக்கறிஞர் இலா பட்டிடம் தங்கள் கூலி பற்றி முறையிட்டார்கள். அவர் அதைப் பத்திரிகையில் எழுத, வியாபாரிகள் தாங்கள் நியாயமான கூலியே கொடுப்பதாக மறுப்பு வெளியிட்டார்கள். மகளிர் பிரிவு அந்த மறுப்பையே அட்டைகளில் அச்சிட்டுப் பெண்களிடம் கொடுத்தது. வியாபாரிகள் தாங்களே சொன்ன கூலியைக் காட்டிப் பெண்கள் பேரம் பேசினார்கள். 1972-இல் சுயதொழில் பெண்கள் சங்கமான ‘சேவா’வைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, எதிர்த்துப் போராட முதலாளி இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று தொழிலாளர் துறை தயங்கியது. சங்கம் என்பது தொழிலாளர்களின் ஒற்றுமைக்கானது, முதலாளி ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் இருப்பதன்று என்று வாதாடித்தான் பதிவு கிடைத்தது. வங்கிகள் இவர்களை வாசலிலேயே நிறுத்தியதால், 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத் தொகை போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகம் வழங்கினார்கள். ஒரு விதியைச் சற்று மாற்றினால் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கதவு திறக்கும் என்பதை அந்தப் புகைப்படம் காட்டியது.

கடன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வங்கதேசத்தில் முகமது யூனுஸ் 1976-இல் தொடங்கி 1983-இல் வங்கியாக வளர்த்த கிராமீன் முயற்சிக்குப் பின், ஏழைப் பெண்களுக்குக் குறுங்கடனே மருந்து என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. 2015-இல் போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளின் ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தபோது, குறுங்கடனால் சிறிய நன்மை உண்டு, வாழ்க்கையைப் புரட்டிப்போடும் மாற்றம் இல்லை என்பது தெரிந்தது. ஆந்திரத்தில் அளவுக்கு மீறிக் கடன் திணிக்கப்பட்டு, வசூல் நெருக்கடியும் தற்கொலைகளும் பேசுபொருளாகி, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. மிகவும் அடித்தட்டில் இருப்பவருக்குக் கடன் முதல் படியாக இருக்க முடியாது. விற்பனை நின்றுபோகும் ஒரு மழைக்காலத்தைத் தாங்க அவரிடம் எதுவும் இல்லை. தவணை மட்டும் தவறாமல் வரும்.

வங்கதேசத்தின் ‘பிராக்’ தொண்டு அமைப்பு 2002-இல் வேறு வழியைத் தொடங்கியது. குறுங்கடன் திட்டங்களே சென்றடையாத, விவசாயக் கூலியையும் வீட்டுவேலையையும் நம்பி ஆண்டில் பல மாதங்கள் வேலையின்றி இருந்த பெண்களை அது தேர்ந்தெடுத்தது. அவர்களுக்குப் பசு போன்ற ஒரு சொத்தைக் கடனாக அன்றிக் கொடையாகவே கொடுத்தது. அந்தச் சொத்து வருமானம் தரத் தொடங்கும் வரை சாப்பாட்டுக்கு உதவித்தொகை, கால்நடை வளர்ப்புப் பயிற்சி, மருத்துவ உதவி, சேமிப்புப் பழக்கம், ஏறத்தாழ இரண்டாண்டுகள் வீட்டுக்கே வந்து பார்க்கும் களப்பணியாளர் எல்லாம் ஒரே தொகுப்பாகக் கிடைத்தன. சாப்பாட்டு உதவித்தொகை இருந்ததால் பசுவை விற்றுப் பசியாற வேண்டியிருக்கவில்லை. 1,309 கிராமங்களில் நடந்த ஆய்வில் அந்தப் பெண்களின் உழைப்பு நாட்களும் வருமானமும் உயர்ந்தன. ஏழாண்டுகளுக்குப் பிறகும் அந்த உயர்வு நிலைத்திருந்தது. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் 10,495 குடும்பங்களிடம் இதே போன்ற தொகுப்பை வைத்து நடத்திய சோதனையின் முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. உதவி நின்று ஓராண்டுக்குப் பிறகும் பலன் தொடர்ந்தது. மேற்கு வங்கத்தில் பத்தாண்டுகள் கழித்தும் அது தெரிந்தது. ஹோண்டுராஸில் மட்டும் பலர் தேர்ந்தெடுத்த கோழிகள் நோயில் மடிந்து, முயற்சி பெருமளவு தளர்ந்தது. அந்த மண்ணில் எது பிழைக்கும் என்பதைப் பார்க்காத இடத்தில் தொகுப்பின் மற்ற பகுதிகளாலும் ஈடுகட்ட முடியவில்லை. கானாவில் ஆடுகளை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், சேமிப்பு வசதியை மட்டும் கொடுத்தும் பார்த்தார்கள். தனித்தனியாகக் கொடுத்தபோது முழுத் தொகுப்பின் பலன் கிடைக்கவில்லை. செலவைக் குறைக்க ஒவ்வொன்றாக வெட்டும் அதிகாரிகள் இந்தக் கானா அனுபவத்தை அறிந்திருப்பது நல்லது.

சம்பாதித்த பணம் யாருடையது என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைகிறது. மத்தியப் பிரதேசத்தில் ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியைக் குடும்பத் தலைவரின் கணக்குக்கு அனுப்பாமல் பெண்ணின் பெயரிலேயே தொடங்கிய கணக்குக்கு அனுப்பி, அதைப் பயன்படுத்தவும் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் அத்திட்டத்தில் மட்டுமல்லாமல் வெளி வேலைகளுக்கும் முன்பைவிட அதிகமாகச் சென்றார்கள்; பெண் வேலைக்குப் போவது பற்றிய அவர்களுடைய எண்ணமும் இளகியது. ஆனால் பெண்ணின் கையில் பணம் வருவதை எல்லா வீடுகளும் அமைதியாக ஏற்றுக்கொள்வதில்லை. அடி, மிரட்டல், வெளியே போகத் தடை என்று எதிர்வினை வருவதைக் களத்தில் இருப்பவர்கள் அறிவார்கள். இதைத் தொழிற்பயிற்சிக்குத் தொடர்பில்லாத குடும்ப விவகாரம் என்று ஒதுக்குவது பெரும் தவறு. தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் கடன் குழுக்களின் கூட்டங்களோடு சேர்த்தே வன்முறை, உடல்நலம், ஆண்-பெண் உறவு பற்றிய தொடர் உரையாடல்களை நடத்தினார்கள். இரண்டாண்டுகளில் பெண்கள் தம் துணைவரிடம் அனுபவித்த வன்முறை 55 விழுக்காடு குறைந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. பணமும் பேச்சும் ஒரே கூட்டத்தில் நடந்ததுதான் அதன் சிறப்பு.

இவை அனைத்தையும் ஓர் அரசு முன்வந்து சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு லைபீரியா விடை சொல்கிறது. நீண்ட உள்நாட்டுப் போரிலிருந்து மீண்டுகொண்டிருந்த அந்நாட்டில், 2010-இல் தொடங்கிய திட்டம் ஏறத்தாழ 2,500 இளம்பெண்களுக்கு ஆறு மாத வகுப்பும், அதன்பின் ஆறு மாதங்கள் வேலை தேடவும் தொழில் தொடங்கவும் உடனிருக்கும் உதவியும் அளித்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருந்தது. வகுப்பு நேரங்கள் பெண்களின் வசதிக்கேற்ப வைக்கப்பட்டன. பயிற்சி நிறுவனங்களுக்குச் சேர வேண்டிய தொகையில் ஒரு பகுதி, பெண்கள் உண்மையில் வேலையிலோ தொழிலிலோ அமர்ந்த பின்னரே வழங்கப்பட்டது. வேலையில் இருப்போர் 47 விழுக்காடும் வருமானம் 80 விழுக்காடும் உயர்ந்தன. பணம் வழங்கும் விதியை மாற்றினால் நிறுவனங்கள் எண்ணும் பொருளும் மாறுகிறது. சான்றிதழ்களை எண்ணியவர்கள் வேலைகளை எண்ணத் தொடங்குகிறார்கள்.

அந்த எண்ணிக்கையும் போதாது. பொருளியல் அறிஞர் நைலா கபீர் 1999-இல் தந்த விளக்கத்தின்படி, முன்பு மறுக்கப்பட்டிருந்த வாழ்க்கை முடிவுகளைத் தானே எடுக்கும் திறன் ஒருவருக்கு வாய்ப்பதே அதிகாரம் பெறுதல். உகாண்டாவில் பதின்பருவப் பெண்களுக்குத் தொழில் கல்வியும் வாழ்க்கைக் கல்வியும் தந்த மன்றங்களை நான்காண்டு கழித்து ஆராய்ந்தவர்கள் இந்தப் பார்வையோடுதான் பார்த்தார்கள். வருமானம் தரும் வேலைகளில் ஈடுபடுவோர் 48 விழுக்காடு உயர்ந்ததோடு, இளவயதுத் திருமணமும் கருத்தரிப்பும் குறைந்ததை அவர்கள் சேர்த்தே எண்ணினார்கள். எப்போது மணம் புரிவது என்று ஒரு பெண் முடிவெடுப்பதை வருமானக் கணக்கு காட்டாது.

இத்தகைய திட்டங்களில் ஒருவருக்கு ஆகும் செலவு அதிகம் என்ற மறுப்பு நேர்மையானது. அதை மழுப்பத் தேவையில்லை. அதே நிதியில் இன்னும் பலருக்கு வகுப்பறைப் பயிற்சி மட்டும் கொடுத்துவிடலாம். அப்படிக் கொடுத்தால் யார் பலனடைவார்கள் என்று பார்க்க வேண்டும்: வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆளுள்ளவர், ஊர் எல்லையைத் தாண்டக் கூடியவர், பெயரைக் கேட்டதும் முகஞ்சுளிக்கப்படாதவர். விளிம்பில் இருப்பவரின் பெயரால் ஒதுக்கிய நிதி, விளிம்புக்குச் சற்று உள்ளே இருப்பவரோடு தீர்ந்துபோகும். செலவைக் குறைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், எண்ணிக்கையைக் குறைத்துத் தொகுப்பை முழுமையாக வைத்துக்கொள்வதே சரி என்பது என் துணிபு.

செலவுக் குறைப்பில் வழக்கமாக முதலில் கை வைக்கப்படும் இடம் களப்பணியாளரின் ஊதியம். வாரந்தோறும் வீடுவீடாகச் சென்று, பசுவுக்கு ஏன் பால் வற்றியது, தவணை ஏன் தவறியது, கண்ணுக்குக் கீழே ஏன் வீக்கம் என்று கேட்பவர் அவர்தான். பல இடங்களில் அவரும் அதே சமூகத்துப் பெண்; குறைந்த மதிப்பூதியத்தில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாமல் வேலை செய்பவர். பிறருக்கு நிலையான வாழ்வாதாரம் அமைத்துத்தரும் பணியை, நிலையற்ற வேலையாக அவரிடம் ஒப்படைக்கிறோம். திட்ட மதிப்பீட்டில் அவருடைய சம்பளமும், குழந்தைகள் காப்பகமும், போய்வரும் வண்டியும் ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பிலிருந்து வெளியே வந்து, பயிற்சிக் கட்டணத்துக்குச் சமமான முதன்மைச் செலவுகளாக எழுதப்பட வேண்டும். பயிற்சி நிறுவனத்துக்கான கடைசித் தவணை, பெண்கள் தொழிலில் ஓராண்டு நிலைத்த பிறகே விடுவிக்கப்பட வேண்டும்.